ஒற்றைக் கண் பாடம்

எங்கள் ஓவியக் கல்லூரியில் நாங்கள் பார்த்து வரைவதற்காக அசையாமல் உட்கார்ந்திருப்பதுதான் பொன்னுருவி அக்காவின் வேலை. இருபது வருஷமாக அதே மரமேடை, அதே முக்காலி.

ஒருநாள் பெரிய ஓவியர் கோதண்டராமன் வந்தார். அவரும் அங்கே படித்தவர்தான், வெளியே சொல்லிக்கொள்ள மாட்டார். உருவம் வரையும் வகுப்பை மூடிவிடலாமா என்று முடிவு செய்ய அரசாங்கம் அவரை அனுப்பியிருந்தது.

"ஓவியம் பிறவியிலேயே வரணும். இங்கே நான் கத்துக்கிட்டது ஒண்ணே ஒண்ணைக் காட்டுங்க பார்க்கலாம்!" என்றார்.

மேடையிலிருந்து அக்கா சொன்னாள்: "வகுப்பை மூடிட்டா என் பொழப்பு போச்சு ஐயா. அதுக்கு முன்னாடி உங்க கையால என்னை ஒரு படம் வரைஞ்சு குடுங்க."

அவருக்குப் பெருமை தாங்கவில்லை. பென்சிலை நிமிர்த்திப் பிடித்துக் கையை நீட்டினார். இடது கண்ணை மூடி அக்காவின் தலையை அளந்தார்.

"அப்படியே இருங்க தம்பி" என்றாள் அக்கா. "மொத வருஷம் என் தலையைப் பூசணிக்காயாட்டம் வரைஞ்சீங்க. மாஸ்டர்தானே வந்து அந்தக் கண்ணைப் பொத்தி, இப்படி அளக்கச் சொன்னாரு? இல்லே, பொறக்கும்போதே ஒத்தக் கண்ணை மூடிக்கிட்டா பொறந்தீங்க?"

வகுப்பே அதிர்ந்தது. கடைசியில் அவரும் சிரித்துவிட்டார். வகுப்பு தப்பியது.

நான் ஓவியன் ஆகவில்லை. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் குப்பை கொட்டி ரிடையர் ஆனேன். ஆனாலும் பஸ் ஜன்னலில் கோபுரம் தெரிந்தால் இன்றைக்கும் கை தானாக நீள்கிறது, இடது கண் மூடிக்கொள்கிறது. பக்கத்து சீட்டுக்காரர் கொஞ்சம் தள்ளி உட்காருகிறார்.