யாரும் கேட்காத பாக்கி

கர்ரக் என்று போகும், கர்ரக் என்று திரும்பி வரும். ஆறுமுகநயினாரின் காதில் அந்தச் சத்தம் இளம் வயதிலிருந்தே தங்கியிருந்தது.

அப்போது அவர் திருநெல்வேலியில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை மடித்து அடுக்கும் வேலையில் இருந்தார். ஒருநாள் ஒரு பெரிய மனிதர் கல்யாணப் பட்டு எடுக்க வந்தார். கல்லாவில் பணம் எதுவும் எடுத்து வைக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து ஓர் அட்டையை நீட்டினார். முதலாளி அதை ஒரு சின்ன இரும்புக் கருவியில் வைத்து, மேலே கார்பன் தாள் போட்டு, கைப்பிடியை இழுத்தார். கர்ரக், கர்ரக். அட்டையில் புடைத்திருந்த பெயர் தாளில் நீலமாக விழுந்தது. பெரிய மனிதர் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு, பட்டுப் பொட்டலங்களோடு காரில் ஏறிப் போய்விட்டார்.

"காசு குடுக்காமப் போறாரே மொதலாளி?"

"பேரக் குடுத்துட்டுத்தான போறாரு."

"பேருக்கு யாராவது துணி தருவாங்களா?"

"நான் தந்துட்டேன்லா," என்று முதலாளி சிரித்தார்.

நயினார் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். கோயிலில்கூட எதன் முன்னாலும் அப்படி நின்றதில்லை. ஒரு மனிதன் போன பிறகும் அவன் பெயர் அவனுக்காக அங்கே நிற்கிறது. அதை நம்பி ஒருவர் அலமாரியைத் திறந்துவிடுகிறார்.

இதையெல்லாம் உலகம்மையிடம் சொன்னபோது அவருக்குத் தலை நரைத்திருந்தது.

உலகம்மை தாமிரபரணிக் கரையில், மலை முடியும் இடத்தில் ஒரு சின்ன மடத்தில் இருந்தார். நயினாரை விட வயதில் மிகவும் சிறியவர். நயினார் அவரை அம்மை என்பார். அவர் நயினாரை அண்ணாச்சி என்பார். யார் குரு, யார் சீடர் என்று வெளியாட்களுக்குப் புரியாது. அவர்கள் இருவருக்கும் அதில் குழப்பம் இல்லை.

"கதை நல்லாருக்கு. விஷயத்துக்கு வாரும் வே," என்றார் தங்கப்பழம். அவர் மடத்தில் சமைப்பவர். முன்பு லாரி வைத்து ஓட்டியவர்.

நயினார் உலகம்மையைப் பார்த்தார்.

"அம்மை, ஒருத்தரை மன்னிச்ச பொறவும் அவரு செஞ்சதை ஞாபகத்துல வச்சிருந்தா, அது மன்னிப்பா?"

"யாரு யாரை மன்னிச்சா?"

"பேங்கு என்னைய."

தங்கப்பழம் வெடித்துச் சிரித்தார். "பேங்கு மன்னிக்குமா? ரெண்டு டியூ விட்டதுக்கு என் லாரியவே ஓட்டிட்டுப் போனான். டீசலோட போனான் வே."

"அவரு சொல்லட்டும், தங்கப்பழம்."

நயினார் சொன்னார்.

கல்யாணங்களுக்குப் படம் பிடிக்கும் ஸ்டுடியோ ஒன்று வைத்தபோது அவருக்கும் ஓர் அட்டை கிடைத்தது. தபாலில் வந்தது. பெயரைத் தடவிப் பார்த்தார். புடைத்திருந்தது. சுவாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் பர்ஸில் வைத்தார். முதலில் ஒரு கேமரா. பிறகு லென்ஸ். பிறகு மேலே பறந்து படம் பிடிக்கும் டிரோன். அட்டையில் எவ்வளவு இடம் இருந்ததோ அவ்வளவையும் நிரப்பினார்.

மாதம் ஒரு பில் வரும். அதில் பெரிய தொகை ஒன்று, மினிமம் என்று சின்னத் தொகை ஒன்று. சின்னத் தொகையைக் கட்டினால் போதும், அபராதம் இல்லை என்றிருந்தது.

"அதைத்தான் கட்டுனேன். ஒரு மாசம் தேதி தப்புனதில்ல அம்மை."

"பெரிய தொகை?"

"அது பாட்டுக்கு வளர்ந்துக்கிட்டு இருந்துச்சு. ஒழுங்காக் கட்டுதோம்னு நான் பெருமையா இருந்தேன்."

ஒரு கட்டத்தில் சின்னத் தொகையே பெரிதாகிவிட்டது. கட்ட முடியவில்லை. தொலைபேசியில் அதட்டினார்கள். நயினார் மணி அடித்தாலே வேர்க்கிற ஆளாகிவிட்டார். பிறகு ஒருநாள் சாந்தமான ஒரு பெண் குரல் பேசியது. சார், இவ்வளவு மட்டும் ஒரே தடவையில கட்டுங்க, மீதிய நாங்க தள்ளுபடி பண்ணிடுறோம், இனிமே யாரும் உங்களைக் கூப்பிட மாட்டாங்க.

"கட்டுனேன். நேரா திருச்செந்தூர் போயி மொட்டை போட்டேன்."

"கடன் முடிஞ்சதுக்கு மொட்டை போட்ட மொத ஆளு நீருதான்," என்றார் தங்கப்பழம்.

இப்போது மகள் காந்திமதிக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. படிப்புக் கடன் கேட்டு வேறொரு வங்கிக்குப் போனார்கள். தகப்பனும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். அதிகாரி கணினியில் அவர் பெயரைத் தட்டினார். தட்டிவிட்டுத் திரையைத் திருப்பிக் காட்டினார். கடன் கட்டிய ஒழுங்குக்கான மதிப்பெண், சிபில் ஸ்கோர், பாதாளத்தில் கிடந்தது. பழைய அட்டையின் பக்கத்தில், முழுவதும் கட்டி முடித்தது என்று இல்லை. பேசிக் குறைத்து முடித்தது என்று இருந்தது. இன்னும் பல வருடம் அது அப்படியே இருக்குமாம்.

"பத்து நாள்ல பீஸ் கட்டணும் அம்மை. டிரோன், கேமரா எல்லாம் வித்து மொத வருஷத்துக்குப் பணம் இருக்கு. மிச்ச வருஷத்துக்குக் கடன் வேணும். எம் பேரப் பாத்துட்டு இல்லைங்கான். போதும்னு சொன்னது அவங்கதான? பொறவு ஏன் எழுதி வச்சிருக்காங்க? எம் பிள்ளை என்ன செஞ்சா?"



உலகம்மை ஆற்றைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, மோட்டார் ரிப்பேரு. மாட்டுத் தொட்டில தண்ணி இல்ல. ஆத்துலேருந்து கோரி ஊத்துவீரா?"

மடத்துக்கு வெளியே ஒரு கல்தொட்டி உண்டு. மலையில் மேயும் மாடுகள் சாயங்காலம் இறங்கி வரும்போது அங்கே தண்ணீர் குடித்துவிட்டுத்தான் ஊருக்குள் போகும்.

நயினார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குடத்தை எடுத்தார். படித்துறையில் இறங்கினார், ஏறினார். வெயில் சுட்டது. கேள்விக்குப் பதில் சொல்லாமல் வேலை வாங்குகிறாரே என்று மனம் முணுமுணுத்தது. தொட்டி பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்தபோது இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

உலகம்மை வாசலுக்கு வந்தார். நயினாரின் முகத்தைப் பார்த்தார்.

"போதும் அண்ணாச்சி. வாரும், காப்பி குடிப்போம்."

அவ்வளவு பிரியமாகத்தான் சொன்னார். நயினாருக்குக் கண் கலங்கியது. காப்பி குடித்தார். தூணில் சாய்ந்து கொஞ்சம் கண்ணயர்ந்தார்.

மணிச்சத்தம் கேட்டு விழித்தார். மாடுகள் இறங்கி வந்துகொண்டிருந்தன. பெரிய மாடுகள் முதலில் தொட்டியைச் சூழ்ந்தன. கழுத்தை உள்ளே விட்டுக் குடித்தன. தண்ணீர் இறங்கிக்கொண்டே போனது. அவை விலகிய பிறகு ஒரு கன்று வந்தது. நெற்றியில் வெள்ளைச் சுழி. தொட்டி விளிம்பில் தாடையை வைத்து நாக்கை நீட்டியது. எட்டவில்லை. முன்னங்காலைத் தூக்கிக் கல்லில் வைத்தது. வழுக்கியது. மறுபடி வைத்தது.

அது கத்தவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றது. தாய்ப்பசு வாயில் நீர் சொட்ட, போகாமல் பக்கத்தில் நின்றது.

நயினார் சட்டென்று திரும்பினார். உலகம்மை பின்னால் நின்றிருந்தார்.

"அம்மை, நீங்கதான போதும்னு சொன்னீங்க?"

"ஆமா. உமக்குப் போதும்னு சொன்னேன். தொட்டிக்குச் சொல்லல."

 நயினார் குடத்தை எடுத்துக்கொண்டு படித்துறைக்கு ஓடினார். தங்கப்பழமும் ஒரு வாளியோடு பின்னால் போனார். அன்றைக்கு முதல்முறையாக அவர் வாயைத் திறக்கவில்லை. கன்று குடித்து முடிக்கும்வரை மூன்று பேரும் அசையாமல் நின்றார்கள்.

வீட்டில் சண்டை நடந்தது.

"வேண்டாம்னு அவனே விட்ட பணத்தக் கொண்டு போயிக் குடுக்கப் போறீரா?" என்று மனைவி சிவகாமி கத்தினாள். "லோகத்துல எவனாவது செய்வானா? இருக்கிறத வச்சு இந்த வருஷத்துக்குக் கட்டும். அடுத்த வருஷத்த அடுத்த வருஷம் பாத்துக்கிடலாம்."

நயினார் மகளைப் பார்த்தார். டிரோன், கேமரா விற்ற பணம் அவள் படிப்புக்கென்று வைத்தது. அவர் அதை எடுத்தால் இந்த வருடம் இடம் போய்விடும். எடுக்காவிட்டால் அடுத்த வருடம் நடுவில் நிற்க வேண்டும்.

 காந்திமதி சொன்னாள்:

"மொத வருஷம் மட்டும் கட்டுறதும் மினிமம் கட்டுற மாதிரிதாம்மா."

சொல்லிவிட்டு, கல்லூரிக்கென்று வாங்கி வைத்திருந்த புதுப் பையைப் பழைய காகிதத்தில் சுற்றிப் பரண்மேல் வைத்தாள். ஸ்டூலிலிருந்து இறங்கும்போது அழுகையை அடக்கியதில் அவள் மூக்கு சிவந்திருந்தது.

பல நாள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை நயினார் மடத்துக்கு வந்தார். வாசலில் தயங்கி நின்றார். உள்ளே உலகம்மை உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் தங்கப்பழம்.

"உள்ள வாரும் அண்ணாச்சி. ஏன் நிக்கீரு?"

"கட்டிட்டேன் அம்மை."

"யாருகிட்ட?"

"அந்தக் கார்டுக்காரங்க ஆபீஸ்ல. வாங்கவே மாட்டேன்னுட்டாங்க. கணக்க மூடியாச்சு சார், எதுல வரவு வைக்கங்காங்க. நாலஞ்சு நடை நடக்க விட்டாங்க. கவுண்டர்ல ஒரு பிள்ளை, காந்திமதி வயசுதான் இருக்கும், அதுதான் சென்னைக்குப் போன் போட்டுப் போட்டுக் கேட்டுச்சு. வக்கீல் நோட்டீஸ் வந்துச்சா சார்னு கேட்டா. இல்லம்மான்னேன். யாராவது மிரட்டுனாங்களான்னா. இல்லன்னேன். பொறவு ஏன் சார் கட்டுறீங்கன்னா.  கன்னுக்குட்டிக்கு எட்டலம்மான்னு வாயில வந்துட்டு."

தங்கப்பழம் சிரிப்பார் என்று நயினார் எதிர்பார்த்தார். அவர் சிரிக்கவில்லை.

"கிறுக்கன்னு நெனச்சிருப்பா. உள்ள போயி யாருகிட்டயோ சொன்னா. ஒவ்வொருத்தரா வந்து கதவுகிட்ட நின்னு என்னையப் பாத்துட்டுப் போனாங்க.  எனக்குக் கூச்சமாப் போச்சு."

"ம்."

"முழுசாக் கட்டி முடிச்சதுன்னு மாத்திருவாங்களாம். ஆனா ஸ்கோரு உடனே ஏறாதாம். மெல்ல மெல்லத்தான் ஏறுமாம். பிள்ளைக்கு இந்த வருஷம் இடம் போயிட்டு. மருந்துக்கடையில வேலைக்குப் போறா. காலையில டிபன் பாக்ஸத் தூக்கிட்டு அவ தெருவுல இறங்குறப்ப என்னால நிமிந்து பாக்க முடியல. நான் செஞ்சது சரியான்னு தெரியல அம்மை. அதைக் கேக்கத்தான் வந்தேன்."

உலகம்மை கீரையை முறத்தில் வைத்தார். முந்தானையில் கையைத் துடைத்தார். மெதுவாக எழுந்து நின்றார்.

அந்த மடத்தில் மந்திரி ஒருவர் வந்திருக்கிறார். பெரிய மடத்துச் சாமியார் ஒருவர் வந்திருக்கிறார். யாருக்காகவும் உலகம்மை எழுந்ததைத் தங்கப்பழம் பார்த்ததில்லை. அவரும் தடுமாறி எழுந்தார். மடியிலிருந்த கீரைத்தண்டுகள் தரையில் சிதறின.

நயினார் பதறிப்போனார்.

"உக்காருங்க அம்மை! எனக்குப் போயி எந்திரிக்கீங்களே. நான் பட்ட கடனைக் கட்டுனவன். அதுவும் பிள்ளை பணத்துல கட்டுனவன்."

"தெரியும்."

"பொறவு என்னத்துக்கு நிக்கீங்க?"

உலகம்மை அவரை நேராகப் பார்த்தார்.

"கேக்க ஆளில்லாத எடத்துல குடுக்க வந்தவரு வாசல்ல நிக்கீரு. நான் எப்படி அண்ணாச்சி உக்காந்திருக்க?"

 ஆற்றுச் சத்தம் மட்டும் கேட்டது.

அடுத்த வருடமும் கடன் கிடைக்கவில்லை. அதற்கடுத்த வருடம் கிடைத்தது. காந்திமதி இப்போது தென்காசியில் ஒரு மருத்துவமனையில் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருக்கிறாள்.