பத்து வருஷத்துச் சர்க்கரை

தூத்துக்குடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அதன் இன்சூரன்ஸ் கவுண்டரில் ஜெசிந்தா பதினோரு வருஷமாக இருக்கிறாள். அவளிடம் வேலை கற்றுக்கொள்ள வந்தவர் முத்துக்குட்டி. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவளைவிட இருபது வயது மூத்தவர். ஆனாலும் "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார்.

மூன்று வாரத்தில் எல்லாச் சொல்லும் அவருக்கு மனப்பாடம். கேஷ்லெஸ் என்றால் நாம் கட்ட வேண்டாம், கம்பெனியே ஆஸ்பத்திரிக்குக் கட்டிவிடும். கோ-பேமென்ட் என்றால் நம் பங்கும் உண்டு. வெயிட்டிங் பீரியட் என்றால் அந்த நோய்க்கு இத்தனை வருஷம் பொறுத்திருக்க வேண்டும். பஸ் ஸ்டாப் பேரைச் சொல்வதுபோல் தடங்கலில்லாமல் சொல்வார்.

அன்று காலை செல்லக்கனி வந்தாள். அவள் கணவருக்குக் கால் விரல் அழுகியிருந்தது. மறுநாளே விரலை எடுக்க வேண்டும், விட்டால் பாதத்துக்கு ஏறிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கம்பெனியோ கேஷ்லெஸ் கிடையாது என்று எழுதிவிட்டது. கையில் பணம் இல்லை.

முத்துக்குட்டி பொறுமையாக விளக்கினார்.

"ப்ரீ-எக்ஸிஸ்டிங்னா, பாலிசி எடுக்க முந்தியே இருந்த நோய். நீங்க பாலிசி எடுத்து நாலு வருஷம். ஒங்க வீட்டுக்காரருக்குச் சுகர் பத்து வருஷம்னு இங்க டாக்டர் எழுதுன கேஸ் ஷீட்டுல இருக்கு. பாலிசி பாரத்துல 'சுகர் இல்லை'ன்னு போட்டிருக்கு. மறைச்சுட்டீங்கன்னு சொல்லுதாங்க."

"நாங்க எதையும் மறைக்கலியே அண்ணாச்சி."

"நான் சொல்லலம்மா. கம்பெனி சொல்லுது."

அவள் தலையாட்டினாள். போய் பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"டீச்சர், நான் சொன்னதுல ஒரு எழுத்து தப்பில்ல. அந்தம்மாவுக்கு ஏன் விளங்கல?"

ஜெசிந்தா எழுந்தாள். கேஸ் ஷீட்டை எடுத்துக்கொண்டு செல்லக்கனி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். முத்துக்குட்டி பின்னால் நின்றார்.

"யக்கா, சுகர்னு மொதல்ல சொன்னது யாரு?"

"பெரியாஸ்பத்திரியில."

"எப்பம்?"

"மூத்தவளத் தலைப்பிரசவத்துக்குச் சேத்திருந்தோம். சும்மாதான இருக்காருன்னு இவருக்கும் ரத்தம் பாத்தாங்க."

"பேரப்பிள்ளைக்கு இப்ப என்ன வயசு?"

"வார சித்திரைக்கு ரெண்டு முடியுது." அந்த நேரத்திலும் அவள் முகம் கொஞ்சம் மலர்ந்தது. "ஒரு இடத்துல நிக்க மாட்டான்."

முத்துக்குட்டி குறுக்கிட்டார். "பெறகு பத்து வருஷம்னு யாரு சொன்னா?"

"நாந்தான்."

"ஏம்மா அப்படிச் சொன்னீங்க?"

"கால் அந்தக் கோலத்துல கெடக்கு. எத்தன நாளா சுகர்னு டாக்டர் தம்பி கேக்காரு. ரெண்டு வருஷம்னு சொன்னா, இது சின்ன நோய்தான்னு ஓரமா உக்கார வச்சிருவாங்கள்லா? அதான், பத்து வருஷம் இருக்கும்னேன்." அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "என் வாயே அவருக்கு எமனாப் போச்சே."

"பெரியாஸ்பத்திரி சீட்டு இருக்கா?" என்றாள் ஜெசிந்தா.

இருந்தது. ரேஷன் கார்டு உறைக்குள் நாலாக மடித்து வைத்திருந்தாள். முத்திரை, தேதி, சர்க்கரை நோய் புதிதாகக் கண்டது என்ற குறிப்பு, எல்லாம் தெளிவாகத் தெரிந்தன.

ஜெசிந்தா அதை டாக்டரிடம் கொண்டுபோனாள். அவர் இரண்டு முறை படித்தார். செல்லக்கனியைக் கூப்பிட்டுக் கேட்டார். பிறகு விளக்கக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். சீட்டும் கடிதமும் கம்பெனிக்குப் போயின.

நாலு மணிக்கு அனுமதி வந்தது. செல்லக்கனி செருப்பைக்கூட மாட்டாமல் வார்டுக்கு ஓடினாள்.

முத்துக்குட்டி ஜெசிந்தாவிடம் திரும்பினார்.

"டீச்சர், பாரத்துல எழுதினது உண்மை. டாக்டர்கிட்ட சொன்னது பொய். அப்படித்தான?"

"அவங்க பயத்தச் சொன்னாங்கண்ணே. நாம அத வருஷம்னு எழுதிக்கிட்டோம்."