கதவுக்குப் பின்னால் மூன்று கோச்

சிரிப்பு இருக்கிறது. ஆனால் கடைசியில்தான் வரும். அதுவரைக்கும் பல் டாக்டர் சங்கரபாண்டியனோடு சேர்ந்து கொஞ்சம் எரிச்சல்பட்டுத்தான் ஆகவேண்டும்.

நாற்பத்தேழு வயதுக்காரர். தூத்துக்குடிக் கடற்கரையில், இருபத்தொன்பது வயது கோச் ஃப்ளோரா முன்னால் ஈரத் தலையோடு நின்றார்.

"நீந்தினா தோள் போகுது. சைக்கிள் மிதிச்சா தொடை போகுது. ஓடினா முட்டி போகுது. மூணையும் எப்படிக் கோச் ஒண்ணாக் கொண்டுபோறது?"

ட்ரையத்லான். மூன்றே முக்கால் கிலோமீட்டர் கடலில் நீந்தி, நூற்றெண்பது கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, அதற்கப்புறம் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட வேண்டும். எல்லாம் ஒரே நாளில்.

போன வருஷம் சைக்கிளை விட்டு இறங்கும்போது கெடு தாண்டி ஆறு நிமிஷம். ஓட விடவில்லை. ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். இந்த வருஷமும் முடிக்காவிட்டால் சைக்கிளை யாருக்காவது கொடுத்துவிடுவதாக மனைவியிடம் சொல்லியாயிற்று.

இன்னும் பன்னிரண்டு வாரம்.

ஃப்ளோரா கையிலிருந்த மணலைத் தட்டினாள்.

"ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஆள் வச்சுருவோம் டாக்டர்."

"மூணு கோச்சா?"

"பெரிய ஆளுங்க. நேர்ல பேச மாட்டாங்க. வாய்ஸ் நோட் எனக்கு வரும். அப்படியே உங்களுக்கு அனுப்பிருதேன்."

முதல் வாய்ஸ் நோட் கரகரவென்று வந்தது. சங்கு குளித்த சிலுவைப்பிச்சையாம்.

"ஏய் டாக்டரு! கடல்தாம்வே முதல்ல. அங்கனயே முங்கிட்டீருன்னா சைக்கிள யாரு மிதிப்பா? தினம் ரெண்டு மணி நேரம் தண்ணியில கெடயும்!"

இரண்டாவது, மார்த்தாண்டம் தங்கப்பன். ரிட்டயர்டு ஹவில்தார்.

"நூற்றி எண்பது கிலோமீட்டராக்கும் டாக்டரே. மத்த ரெண்டும் சவம், சும்மா. காலத்த அஞ்சு மணிக்குச் சைக்கிள் சவுட்டத் தொடங்கணும், கேட்டீரா?"

மூன்றாவது, கோயம்புத்தூர் தெய்வானை டீச்சர். பேச்சு மட்டும் தேன்.

"ஏனுங்க டாக்டர், கடைசிக் கோட்டை ஓடித்தானுங்க தாண்டோணும்? நீந்தியாங்க தாண்டப்போறீங்க? நாளைக்கு இருபது கிலோமீட்டர் ஓடிப்போட்டுச் சொல்லுங்க."

டாக்டர் மூன்று பேருக்கும், ஃப்ளோரா வழியாகவே, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படத்தை அனுப்பினார்.

அடுத்த மூன்று வாரமும் அதையேதான் அனுப்பினார்.

ஒரு நாள் கிளினிக்கில், ஊசி போட்டு வாய் மரத்துப்போகட்டும் என்று காத்திருந்த நேரத்தில் டாக்டரே உறங்கிவிட்டார். கோணிய வாயோடு நோயாளிதான் தட்டி எழுப்பினார்.

அன்று சாயங்காலம் நொண்டிக்கொண்டே கடற்கரைக்கு வந்தார்.

"வலது முட்டி தேங்காய் மாதிரி இருக்கு கோச்!"

"அவங்ககிட்டச் சொன்னீங்களா?"

"எப்படிச் சொல்ல? அவங்கல்லாம் பெரிய ஆளுங்க!"

"ம்."

"என்ன ம்? மூணு பேரையும் ஒரே இடத்துல உக்கார வையிங்க. அடிச்சுக்கிட்டாவது ஒரு முடிவு சொல்லட்டும். இல்ல, சைக்கிள இன்னைக்கே கொடுத்துருதேன்."

"ஞாயித்துக்கிழமை வரச் சொல்லுதேன்."

ஞாயிற்றுக்கிழமை. நீச்சல் பலகைகளைப் போட்டுவைக்கும் தகரக் கொட்டகை. ஃப்ளோரா வாசலில் நின்றாள்.

"உள்ளதான் இருக்காங்க. ஒரே சண்டை. நான் போயி சமாதானம் பண்ணுதேன். நீங்க இங்கனயே நில்லுங்க. கூப்பிட்டாத்தான் வரணும்."

கதவு சாத்திக்கொண்டது.

"ஹவில்தாரே, நாளைக்குக் கடல்!"

"நாளைக்கு நூறு கிலோமீட்டர் சவுட்டு! டாக்டர மீன் பிடிக்கவா விடுதீரு?"

"ரெண்டு பேரும் சித்த சும்மா இருக்கீங்களா? நாளைக்கு ஓட்டமுங்க."

"எல்லாரும் மெதுவாப் பேசுங்க, டாக்டர் வெளிய நிக்காரு." இது ஃப்ளோரா.

வெயில் ஏறியது. கால் மணி நேரம். சண்டை நாளையைத் தாண்டி அடுத்த மாதத்துக்குப் போய்விட்டது.

"எனக்கு முட்டி வீங்கியிருக்கு," என்றார் டாக்டர், கதவைப் பார்த்து.

"யாருவே அது நடுவுல?"

"அந்த ஆளைப் பேச விடாதீரும்!"

"நாங்க முடிவு பண்ணிப்போட்டுக் கூப்புடறமுங்க, நீங்க பொறுங்க."

டாக்டருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"யாரா? முட்டிக்குச் சொந்தக்காரன்! நாளைக்கு ஓட்டம் கெடயாது. இந்த வாரமே கெடயாது! கடல்ல அரை மணி நேரம், கைய மட்டும் போட்டு. வீக்கம் வடிஞ்சா புதன்கிழமை சைக்கிள், அதுவும் மெதுவா. வடியலன்னா அதுவும் இல்ல. வலிச்சா நிறுத்திருவேன். மூணு பேரும் வாய மூடுங்க!"

மூடிவிட்டார்கள்.

மூன்று பேரும். ஒரே நொடியில்.

டாக்டர் கதவைப் பார்த்தபடி நின்றார். அவரும் எத்தனையோ சண்டை பார்த்தவர்தான். தெருக்குழாயடியில், கல்யாண வீட்டில், சொந்தக் கிளினிக் வாசலில். ஒருவர் பேச்சின் மேல் இன்னொருவர் பேச்சு விழாத சண்டை எங்கேயும் இல்லை. இந்தக் கால் மணி நேரத்தில் அப்படி ஒரு தடவைகூட விழவில்லை. ஒருவர் நிறுத்தி, ஒரு மூச்சு இழுக்கும் நேரம் கழிந்துதான் அடுத்தவர் தொடங்கியிருந்தார்.

கதவைத் தள்ளினார்.

நீச்சல் பலகை மேல் ஃப்ளோரா மட்டும் உட்கார்ந்திருந்தாள். முகம் சிவந்திருந்தது. ஒரு கையில் தண்ணீர் பாட்டில், இன்னொரு கை தொண்டையில்.

டாக்டர் கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். பலகைகளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"அந்த ஹவில்தார்..." என்று தொடங்கி, பாதியில் நிறுத்தினார்.

ஃப்ளோரா எழுந்து, விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தாள்.