விஷத்துக்குப் பதினாறாம் நாள்

நாணல் ஏரியில் ஒரு லாரி வந்து, பூச்சிமருந்து பீப்பாயைக் கவிழ்த்துவிட்டுப் போனது. ஏரி நாறியது. தவளைகள் கச்சேரியை நிறுத்தின. எருமை மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியது. எதைக்கொண்டு பொத்தியது என்று கேட்காதீர்கள், ஓடியது உண்மை.

எல்லாரையும்விடச் செங்காலி என்ற நாரைக்குத்தான் கவலை. முட்டையிடும் நாள் நெருங்கிவிட்டது. போன வருஷத்து முட்டைகளைப் பாம்பு தின்றுவிட்டது. இந்த விஷம் எத்தனை நாள் இருக்கும், எவ்வளவு தூரம் போகும் என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

தூரத்தை நண்டு பார்த்துக்கொண்டது. மதகில் கொடுக்கை விரித்து நின்று, தன்னைக் கேட்காமல் ஒரு சொட்டும் தாண்டாது என்றது. நாள் கணக்கை ஆமை பார்த்துக்கொண்டது. அதற்கு நூற்று நாற்பது வயது. காலையில் தலையை நீட்டி ஒருமுறை மோந்து பார்க்கும், உள்ளே இழுத்துக்கொள்ளும். அவ்வளவுதான் ஆராய்ச்சி.

பத்தாம் நாள் நாற்றம் இல்லை.

"விஷம் காலமாயிடுச்சு" என்று ஆமை அறிவித்தது.

காரியம் செய்யாவிட்டால் ஆவியாக வந்து நிற்கும் என்று ஒரு தவளை பயமுறுத்தியது. ஆகவே பதினாறாம் நாள் தடபுடலாக நடந்தது. ஆமை கண்ணைத் துடைத்துக்கொண்டு, போனவருடைய நற்குணங்களைப் பேசியது. பிறகு மீன் விருந்து. மீன்களை யாரும் கேட்கவில்லை. அவையும் என்னவோ தள்ளாடித் தள்ளாடித் தாமாகவே அலகில் வந்து விழுந்தன. பிள்ளைத்தாச்சி என்பதால் செங்காலிக்கு மட்டும் மூன்று பந்தி.

இருந்தாலும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. ஏழு மலை தாண்டி வேறு ஏரிக்கே போய்விடலாம் என்று கிளம்பினாள். மதகுக்கு மேலே பறந்துபோனவளை நண்டு நிமிர்ந்தும் பார்க்கவில்லை. விஷம் வருகிறதா என்று தண்ணீரையே முறைத்துக்கொண்டிருந்தது.

புது ஏரியில் மூன்று முட்டை இட்டாள். அடைகாக்க மெல்ல உட்கார்ந்தாள். ஈர அப்பளம் போல ஓடு அமுங்கி, மூன்றும் உடைந்தன.

அவள் அழுகையைக் கேட்டுப் பக்கத்து மரத்து நீர்க்காகம் வந்தது. நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டது.

"இங்கே லாரி வர ரோடே கிடையாதேடி. வரும்போது நீ என்ன கொண்டு வந்தே?"

"ஒண்ணுமில்லைக்கா. வெறுங்கையோடதான் வந்தேன்."

"வெறும் வயித்தோடயா?"

செங்காலி குனிந்து, மூன்று பந்தி மீன் போன தன் வயிற்றைப் பார்த்தாள்.

மூக்குக்கும் கண்ணுக்கும் எட்டாத நஞ்சைச் செத்துப்போனதென்று முடிவுகட்டினால், அது நம் வயிற்றிலேயே ஏறிக்கொண்டு நம்மோடு ஊர் சுற்றும்.