தோற்க முடியாத ஆறு

காட்டாற்றுக்கு இந்தப் பக்கம் புல் தீர்ந்துவிட்டது. அந்தப் பக்கம் முழங்கால் உயரத்துக்கு நின்றது. நடுவில் ஆறு.

ஆற்றைக் கடக்கப் புள்ளிமான் கூட்டத்துக்கு ஒரே ஒரு விதிதான். நடு ஆற்றில் ஆமைப்பாறை என்று ஒரு பாறை இருந்தது. அதன் முதுகு வெளியே தெரிந்தால் இறங்கலாம். முங்கியிருந்தால் திரும்பிவிட வேண்டும். போன வருஷம் பாறையைப் பார்க்காமல் இறங்கிய குட்டிகளை ஆறு கொண்டுபோய்விட்டது. அவற்றில் ஒன்று பூவரசி என்ற பெண்மானின் மூத்த குட்டி.

இந்த வருஷக் குட்டிகளைப் பழக்கும் பொறுப்பை சடையன் என்ற குரங்கு ஏற்றுக்கொண்டான். காட்டில் ஆராய்ச்சிக்கு வந்தவர்கள் ஒரு குடிசையையும், வெயிலில் ஓடும் ஒரு கம்ப்யூட்டரையும் விட்டுப் போயிருந்தார்கள். அவர்கள் இருந்தபோது ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டு வேடிக்கை பார்த்தே சடையன் லுவா என்ற கணினி மொழியைக் கற்றிருந்தான். அதில் ஒரு விளையாட்டு எழுதினான். திரையில் ஒரு ஆறு, ஒரு பாறை, ஒரு மான்குட்டி. பொத்தானை மூக்கால் அழுத்தினால் குட்டி கரைக்கு வந்து ஆற்றில் இறங்கும். பாறை தெரிந்தால் கடக்கும். முங்கியிருந்தால் ஆறு கொண்டுபோகும், அது தோல்வி, அதனால் அப்போது பொத்தானை அழுத்தாமல் திரும்பிவிட வேண்டும்.

எல்லாக் குட்டிகளும் விளையாடின. எல்லாக் குட்டிகளும் ஜெயித்தன. கூட்டத்தின் தலைவன் விரிகொம்பனுக்குப் பெருமை தாங்கவில்லை.

"பழகியாச்சு. வாரக் கடைசியில கிளம்பறோம்" என்று அறிவித்தான்.

மறுநாள் காலை பூவரசி தன் இளைய குட்டி துள்ளனோடு தண்ணீர் குடிக்க ஆற்றுக்குப் போனாள். மேல்மலையில் மழை போலிருக்கிறது. தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடியது. ஆமைப்பாறை இருந்த இடமே தெரியவில்லை. துள்ளன் அதை நன்றாகப் பார்த்தான். பார்த்துவிட்டு நேராகத் தண்ணீரில் இறங்கினான்.

பூவரசி அவன் காதைக் கவ்விக் கரைக்கு இழுத்துப் போட்டாள்.

"பாறை தெரியலைன்னு பார்த்தேதானே? அப்புறம் எதுக்குடா இறங்கினே?"

"நான் கரைக்குப் போனா தண்ணி தானா வடிஞ்சிரும்மா. விளையாட்டுல எப்பவும் அப்படித்தான்."

பூவரசி அவனைக் கரையிலிருந்து விலக்கினாள். குட்டியை முன்னால் விட்டு நேராகக் குடிசைக்கு நடந்தாள்.

சடையன் கம்ப்யூட்டர் முன்னால் அத்திப்பழம் தின்றுகொண்டிருந்தான்.

"உன் விளையாட்டுல ஏதோ கோளாறு இருக்கு" என்றாள் பூவரசி.

"எல்லாப் பிள்ளைங்களும் ஜெயிக்குது. இதுல என்னம்மா கோளாறு?"

"யாருமே தோற்கல. அதுதான் கோளாறு."

"தோற்கறதுக்கா விளையாட்டு எழுதுவாங்க? நீ புல்லு மேயற வேலையைப் பாரு. என் வாலைவிட நீளமா எழுதியிருக்கேன். உனக்கு ஒரு எழுத்துத் தெரியுமா?"

"தெரியாது. தெரியற வரைக்கும் இங்கதான் நிப்பேன்" என்று வாசலை அடைத்து நின்றாள் பூவரசி.

அரை நாள் நின்றாள். வெளியே போக வழியில்லாமல் சடையன் இறங்கி வந்தான்.

"சரி, என்ன செய்யணும்?"

"வெள்ளம் விடு."

சடையன் திரையில் வெள்ளம் விட்டான். பாறை முங்கியது. துள்ளன் பொத்தானை அழுத்தினான். திரையில் குட்டி கரைக்கு வந்ததுதான் தாமதம், வெள்ளம் வடிந்து பாறை மேலே வந்தது. குட்டி ஜம்மென்று கடந்தது.

"இன்னொரு தடவை."

இன்னொரு தடவையும் அதேதான். சடையன் பழத்தைக் கீழே வைத்தான்.

"குட்டி கரைக்கு வந்த பிறகு என்ன எழுதியிருக்கே? ஒவ்வொரு வரியாப் படி" என்றாள் பூவரசி.

சடையன் படித்தான். "பாறை சமம் தெரிகிறது. அடுத்த வரி, பாறை இருந்தால் குட்டி கடக்கட்டும், இல்லையென்றால் ஆறு கொண்டுபோகட்டும்."

"அந்த வரிக்கு முன்னாடி பாறை எப்படி இருந்துச்சு?"

"முங்கி."

"அந்த வரிக்கு அப்புறம்?"

"தெரியுது."

"அப்ப தண்ணியை வடிச்சது யாரு?"

சடையன் தலையைச் சொறிந்தான். முதுகைச் சொறிந்தான். சொறிய வேறு இடம் இல்லாதபோது, "நான்தான்" என்றான்.

பிறகு நடந்ததைச் சொன்னான். அந்த வரியை முதலில் 'பாறை தெரிகிறது என்றால்' என்று கேள்வியாகத்தான் எழுத நினைத்தான். நடுவில் ஒரே ஒரு சமக்குறி போட்டான். கம்ப்யூட்டர் ஏற்க மறுத்துச் சிவப்பு எழுத்தில் முரண்டு பிடித்தது. ஏன் என்று அவன் யோசிக்கவில்லை. அந்தத் துண்டை மட்டும் பிய்த்து மேலே தனி வரியாக வைத்தான். உடனே கம்ப்யூட்டர் வாயை மூடிக்கொண்டது. சரியாகிவிட்டது என்று அவனும் எழுந்து போய்விட்டான்.

"ஒரு சமக்குறி போட்டா அது உத்தரவு. இப்படி ஆகட்டும்னு அர்த்தம். ரெண்டு போட்டாத்தான் கேள்வி. இங்க ஆராய்ச்சிக்கு வந்திருந்த பொண்ணு ரெண்டு ரெண்டாத்தான் போடும். கை தவறி விழுதுன்னு நெனச்சேன்."

"நீ ஆத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கேக்கல, சடையா. உத்தரவு போட்டிருக்கே. திரையில இருக்கிற ஆறு கேட்டுக்கிச்சு. வெளியில இருக்கிறது கேக்காது. திருத்து."

சடையன் உத்தரவு வரியை அழித்தான். கேள்விக்குள் இரண்டு சமக்குறி போட்டான். துள்ளன் பழைய நினைப்பில் பொத்தானை அழுத்தினான். வெள்ளம் வடியவில்லை. திரையில் குட்டி இறங்கியது, போய்விட்டது. துள்ளன் வெகுநேரம் திரையையே பார்த்தான்.

"இப்பத்தான் விளையாட்டு" என்றாள் பூவரசி.

அன்றிலிருந்து எல்லாக் குட்டிகளும் தோற்றன. அழுதன. விரிகொம்பன் கோபத்தோடு வந்தான்.

"ஜெயிச்சிட்டிருந்த பிள்ளைங்களை எதுக்கும்மா பயமுறுத்தறே?"

"பயமுறுத்தல, பெரியவரே. பார்க்கப் பழக்கறேன்."

குட்டிகள் மெல்லப் பாறையைப் பார்க்கப் பழகின. திரும்பி வரவும் பழகின.

வாரக் கடைசி வந்தது. கூட்டம் ஆற்றங்கரையில் நின்றது. பாறை இருக்கும் இடத்தில் தண்ணீர் சுழித்துக்கொண்டு போனது. விரிகொம்பனுக்குப் பசி. எல்லோருக்கும் பசிதான்.

"நேத்துச் சாயங்காலம் பாறை தெரிஞ்சுது. இப்பவும் தெரியுதுன்னு வெச்சுக்குங்க. இறங்குங்க" என்றான் அவன்.

பெரிய மான்கள் இரண்டு அடி எடுத்து வைத்தன. குட்டிகள் அசையவில்லை. துள்ளன் பாறையின் பக்கம் பார்த்தான், தலைவனைப் பார்த்தான், பின்னால் திரும்பி நடந்தான். மற்றக் குட்டிகளும் திரும்பின. அவற்றை விட்டுவிட்டுப் போக முடியாமல் தாய்மான்களும் திரும்பின.

"தலைவன் சொல்றேன், கேக்க மாட்டீங்களா?" என்றான் விரிகொம்பன்.

"உங்க பேச்சைக் கேப்போம்" என்றாள் பூவரசி. "ஆறு கேக்குமான்னு நீங்களே பாருங்க."

விரிகொம்பன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் மேல் ஆற்றிலிருந்து வெள்ளம் வேரோடு பிடுங்கிய ஒரு மரம் உருண்டு வந்தது. பாறை இருந்த இடத்தில் மோதி இரண்டாகப் பிளந்து, தண்ணீருக்குள் போய்விட்டது. விரிகொம்பன் குட்டிகளுக்குப் பின்னால் நடந்தான்.

கூட்டம் இலையும் பட்டையும் தின்று காத்திருந்தது. ஒருநாள் மதியம் ஆமைப்பாறை வெயிலில் முதுகைக் காட்டியது. அன்று எல்லா மான்களும் கடந்தன. ஒரு குட்டிகூடக் குறையவில்லை.

தெரிந்துகொள்ளக் கேட்பதற்குப் பதிலாக இப்படித்தான் இருக்கிறது என்று தானே தீர்மானித்துவிடுகிறவனுக்கு எப்போதும் விருப்பமான பதிலே கிடைக்கும், ஆனால் அந்தப் பதிலை நம்பி ஆற்றில் இறங்க முடியாது.