அமைச்சரின் பொய் வயிற்றுவலி

தென்கரை நாட்டை முன்னொரு காலத்தில் மாறவேள் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் போட்ட கட்டளையை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மாற்றிவிடுகிறவர். அவருடைய அமைச்சர் விழுப்பரையர். நாட்டிலேயே பெரிய புத்திசாலி யார் என்று கேட்டால், விழுப்பரையர் கொஞ்சம் வெட்கப்பட்டுவிட்டுத் தன் பெயரைத்தான் சொல்வார்.

அரண்மனைக்குப் புதிதாக ஒரு வைத்தியர் தேவைப்பட்டார். தன் மாணாக்கரில் யார் அதிகம் வைத்தியப் பாட்டு ஒப்பிக்கிறாரோ அவருக்கே வேலை என்றார் தலைமை வைத்தியர் பூதநாதர். ஒப்பிப்பதில் அவருடைய அக்காள் மகன் காரியை மிஞ்ச ஆள் கிடையாது. ராஜாவும் தலையாட்டிவிட்டார்.

அமைச்சருக்குப் பொறுக்கவில்லை. "மகாராஜா, நாளைக்கு உங்களுக்கு நெஞ்சு வலித்தால் காரி பாடுவான். வலி கேட்டுக்கொண்டிருக்குமா? ஒரு நோயாளியைக் கொடுத்துப் பார்ப்போம். என்ன நோய், ஏன் அப்படி நினைக்கிறார்கள், இரண்டையும் சொல்லட்டும்" என்றார். நோயாளி யார் என்று ராஜா கேட்டதும், நானே நடிக்கிறேன் என்று அவர் காதில் சொன்னார்.

சபை நடுவே கட்டில் போட்டார்கள். அமைச்சர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு புரண்டார். கூத்துக்காரர்கள் வந்து கற்றுக்கொள்ள வேண்டிய புரளல் என்று அவருக்கே தோன்றியது. காரி வந்தான். வயிறு என்ற சொல் காதில் விழுந்ததுமே பாட்டை ஆரம்பித்து, மூச்சுவிடாமல் முடித்து, கஷாயமும் சொல்லிவிட்டான். ஏன் என்று ராஜா கேட்டதற்கு, பாட்டில் அப்படித்தான் இருக்கிறது என்றான்.

அடுத்து வெண்ணி என்ற மாணாக்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பேரனைப் பற்றி விசாரித்துக்கொண்டே வயிற்றை அழுத்தினாள். பேரனின் குறும்பைச் சொல்கிற உற்சாகத்தில் அமைச்சர் அலற மறந்துபோனார். பேச்சுக்கு நடுவே செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தார். கால்விரலில் என்ன கட்டு என்று கேட்டாள். செருப்பு கடித்தது, மழைக்காலத்திலிருந்து ஆறவில்லை என்றார். ராத்திரி அடிக்கடி எழுந்து போவீர்களா, உடம்பு இளைத்திருக்கிறதா என்றும் கேட்டாள். எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டார்.

வெண்ணி எழுந்து ராஜாவைக் கும்பிட்டாள். "வயிற்றுவலி பொய், மகாராஜா. ஆனால் ஐயாவுக்கு நீரிழிவு இருக்கும் என்று நினைக்கிறேன். தாகம் மட்டும் என்றால் வெயிலால் இருக்கலாம். ஆறாத புண்ணும் இளைப்பும் வெயிலால் வராது. இருந்தாலும் இன்னும் உறுதியில்லை. ஐயா சிறுநீர் கழிக்கிற இடத்தில் எறும்பு மொய்க்கிறதா என்று பார்த்துவிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும்."

நடிக்க வந்தவருக்கே இல்லாத நோயைக் கட்டிவிடுகிறாள் என்று பூதநாதர் சிரித்தார். அமைச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. அவருடைய அப்பாவும் காலில் ஆறாத புண்ணோடுதான் போய்ச் சேர்ந்தார்.

மறுநாள் தோட்டத்து மூலையில் எறும்புகள் சாரிசாரியாக வந்து சாட்சி சொல்லின.

அரண்மனை வைத்தியர் வேலை வெண்ணிக்குக் கிடைத்தது. அவள் கவனிப்பில் புண்ணும் மெல்ல ஆறத் தொடங்கியது. தலைமை வைத்தியர் கொஞ்ச நாள் மாணாக்கர் வரிசையில் உட்கார்ந்து நோயாளியிடம் கேள்வி கேட்கப் பழகட்டும் என்று ராஜா உத்தரவு போட்டார். அந்த உத்தரவை மட்டும் சாப்பாட்டுக்குப் பிறகும் அவர் மாற்றவில்லை.

பூதநாதரைப் பழகுவதற்கு அமைச்சரிடமே அனுப்பிவைத்தார்கள். அமைச்சர் பாகற்காய்ச் சாற்றை முன்னால் வைத்துக்கொண்டு முகம் சுளித்தபடி உட்கார்ந்திருந்தார். நாட்டிலேயே பெரிய புத்திசாலியின் நடிப்பை ஒரு மாணாக்கி கண்டுபிடித்துவிட்டாளே என்று அவருக்கு இன்னும் மனம் ஆறவில்லை. பூதநாதர் தயங்கித் தயங்கி, எங்கே வலிக்கிறது என்று கேட்டார்.

"உமக்கு எங்கே வலிக்கிறதோ, அங்கேதான் ஐயா எனக்கும்" என்றார் அமைச்சர்.