ஸ்டார்ட் ஆன வண்டி

சேந்தமங்கலத்தில், கொல்லிமலைக்குத் திரும்பும் ரோட்டோரம் ஜெசிந்தாவின் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை இருந்தது. அவரிடம் வேலை கற்றுக்கொள்ள வந்தவர் செங்கோடன். குருவைவிடச் சீடருக்கு வயது அதிகம். வடக்கே லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். ஒரு விபத்தில் இடது முட்டி போய், கிளச்சை மிதிக்க முடியாமல் ஆன பிறகு ஒயரைப் பிடித்தார்.

அவர் ஜெசிந்தாவை வாத்தியாரே என்று கூப்பிடுவார். ஜெசிந்தா அவரை அண்ணா என்பார். வண்டி விட வருகிறவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். இருவரும் மாற்றிக்கொள்ளவில்லை.

ஒரு நாள் மதியம் செங்கோடன் கேட்டார்.

"வாத்தியாரே, ஒரு வண்டி ஒரு நேரம் ஸ்டார்ட் ஆகுது, ஒரு நேரம் ஆக மாட்டேங்குது. ரெண்டுல எதுங்க நெசம்?"

ஜெசிந்தா ஒரு ஆல்டர்னேட்டரைப் பிரித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"மாப்பிள்ளை வண்டிங்களா?"

"ஆமாங்க."

"எப்ப ஸ்டார்ட் ஆகுது?"

"ஆகாதது எப்பன்னு கேளுங்க. பனி பேஞ்சா ஆகறதில்ல. மேடு ஏறி நிறுத்திட்டு மறுபடி எடுத்தா ஆகறதில்ல. டக்குனு ஒரு சத்தம், அதோட சரி."

"நான் அதைக் கேக்கலைங்கண்ணா."

வாத்தியார் காதில் சரியாக விழவில்லை என்று செங்கோடன் நினைத்துக்கொண்டார்.

அது ஒரு பழைய டீசல் கார். அவருடைய மருமகன் பூபதி மலைமேல் செம்மேட்டில் மிளகு வியாபாரம் செய்கிறவர். செங்கோடன் இந்த வேலைக்கு வந்ததைக் கேள்விப்பட்டதும் அவர் சொன்னது ஊரெல்லாம் பரவியிருந்தது. "எங்க மாமா ஹார்ன் அடிச்சே பழகினவரு. ஒயரைத் தொட்டா கரண்ட்டுதான் பயந்து ஓடும்."

அதனாலேயே இந்தக் காரை வாத்தியாரிடம் கொடுக்காமல் செங்கோடன் தானே எடுத்துக்கொண்டார். பேட்டரியை மாற்றினார். ஸ்டார்ட் ஆனது. இரண்டாம் நாள் நின்றது. ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றிக் கார்பன் பிரஷ் மாற்றினார். ஸ்டார்ட் ஆனது. மறுபடி நின்றது. கடைசியாகச் சாவி போடும் ஸ்விட்சையே புதிதாகப் போட்டார். அதிலிருந்து ஒரு முறைகூட ஏமாற்றவில்லை.

வண்டியை ஒப்படைக்கும் நாளுக்கு மறுநாள் செங்கோடனின் மகள் கோகிலாவுக்கு வளைகாப்பு. தலைப்பிரசவம் தாய்வீட்டில். வளையல் போட்டு முடித்ததும், இதே காரில் அவளை உட்கார வைத்து மலையின் எழுபது வளைவுகளும் இறங்கி வர வேண்டும்.

வண்டி எடுக்கப் பூபதி வந்தார்.

"என்ன மாமா, வண்டியா, இன்னும் உதிரியாத்தான் இருக்கா?"

"சாவியைப் போட்டுப் பாருங்க மாப்ள. அப்புறம் பேசுங்க."

பூபதி சாவியைத் திருகினார். ஒரே திருகில் பிடித்துக்கொண்டது. அணைத்துவிட்டு மறுபடி திருகினார். மறுபடியும் பிடித்துக்கொண்டது.

"அட! அத்தை சொன்னதை வச்சு நான் பயந்துட்டேன். நீங்க கை வச்ச மிக்ஸியைப் பழைய இரும்புக்காரன்கூட வேண்டாம்னுட்டானாமே?"

"அது மிக்ஸி. இது வண்டி. வண்டி என்னைக்கும் என் பேச்சைக் கேக்கும்."

பூபதி சிரித்தார். செங்கோடனுக்கு அந்தச் சிரிப்பு பிடித்திருந்தது. இந்த முறை அதில் கிண்டல் இல்லை.

"ஆக்சிலேட்டர்தான் கொஞ்சம் கனமா இருக்கு மாமா. காலை எடுத்தாலும் மெதுவாத்தான் மேல வருது."

"கேபிளுக்கு ரெண்டு சொட்டு ஆயில் விட்டா ஓடிப்போயிடும்."

ஜெசிந்தா கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். எழுந்து வந்தார்.

"எப்ப இருந்துங்க அந்தக் கனம்?"

"இந்த ஸ்டார்ட்டிங் தகராறு வந்ததுல இருந்தேதாங்க. ரெண்டும் ஒரே நேரத்துல வந்த சனியன்."

"வண்டியை ஆஃப் பண்ணிட்டு இறங்குங்க."

"எதுக்குங்க? அதான் ஓடுதே."

"இறங்குங்க."

செங்கோடனுக்கு முகம் சுருங்கியது. "வாத்தியாரே, காலையில இருந்து நானும் பத்துப் பதினஞ்சு வாட்டி போட்டுப் பாத்துட்டனுங்க. ஒண்ணும் இல்லை."

பூபதி இறங்கியதும் ஜெசிந்தா பானட்டைத் தூக்கினார். பேட்டரி முனையைக் கழற்றி ஒதுக்கினார். சாக்கை விரித்து ஸ்பேனரோடு காருக்கு அடியில் போனார். முட்டி மடங்காத செங்கோடன் அந்த இடத்துக்கு ஒரு நாளும் போனதில்லை. சற்று நேரத்தில் ஜெசிந்தா வெளியே வந்தார். கையில் சேறும் ஆயிலும் அப்பிய, பின்னிய செம்புப் பட்டை ஒன்று இருந்தது. அதை முன் கண்ணாடிக்குக் கீழே வைத்தார். பேட்டரி முனையைத் திரும்ப மாட்டினார்.

"இது என்னதுங்கண்ணா?" என்று கேட்டார்.

"எர்த் பட்டைங்க. எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவுல இருக்கறது."

"எதுக்கு?"

"பேட்டரியில இருந்து எஞ்சினுக்குப் போன கரண்ட்டு திரும்பி வரணும்ல? அதுக்கு இதுதான் வழி."

"இப்ப அந்த வழி இல்லை. ஸ்டார்ட் பண்ணுங்க."

செங்கோடன் சிரித்தார். "என்னங்க வாத்தியாரே, எனக்கே பாடமா? பட்டை இல்லாம எப்படி ஆகும்? டக்குனுகூடச் சத்தம் வராது."

"பண்ணுங்க."

செங்கோடன் உள்ளே கையை விட்டுச் சாவியைத் திருகினார். எஞ்சின் ஒரு முறை முனகிச் சுற்றியது. இரண்டாம் சுற்றில் பிடித்துக்கொண்டது.

அவர் கை சாவியிலேயே நின்றுவிட்டது.

பட்டை வெளியே இருந்தது. வண்டி ஓடிக்கொண்டிருந்தது. பூபதி பட்டையைப் பார்த்தார், எஞ்சினைப் பார்த்தார், மாமனாரைப் பார்த்தார்.

"கம்பி இல்லாமயே ஓடுமா மாமா?"

செங்கோடன் பட்டையை எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

"முன்னாடி வாங்கண்ணா," என்றார் ஜெசிந்தா. "ஆக்சிலேட்டர் கேபிளைத் தொடுங்க."

செங்கோடன் விரலை வைத்தார். வைத்த வேகத்தில் அலறி எடுத்தார். விரல் நுனியில் தோல் வெள்ளையாகிவிட்டது. கேபிளின் கறுப்பு உறையிலிருந்து நூல் மாதிரிப் புகை எழுந்துகொண்டிருந்தது. எரிந்த பிளாஸ்டிக் நாற்றம் மூவர் மூக்கிலும் ஏறியது.

"இப்ப நீங்க ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதிச்சு விடுங்க," என்று ஜெசிந்தா பூபதியிடம் சொன்னார். "காலை உடனே எடுத்துடணும்."

பூபதி உட்கார்ந்து மிதித்தார். காலை எடுத்தார்.

ஆக்சிலேட்டர் மேலே வரவில்லை.

எஞ்சின் கத்தியது. தகரக் கூரை அதிர்ந்தது. எதிரே டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். பூபதி இரண்டு காலையும் தூக்கிச் சீட்டின் மேல் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் மிதிக்காமல் வண்டி அலறிக்கொண்டே இருந்தது.

ஜெசிந்தா கையை நீட்டிச் சாவியை அணைத்தார்.

ரோட்டில் மலைக்குப் போகும் பஸ் ஒன்று கடந்து போனது.

"பட்டை போல்ட்டுல துரு. ஒரு நேரம் ஒட்டும், ஒரு நேரம் விட்டுடும்," என்றார் ஜெசிந்தா. "விட்டப்பல்லாம் கரண்ட்டு இந்தக் கேபிள் வழியா வந்திருக்கு. அது பத்தாதப்பதான் டக்குனு சத்தத்தோட நின்னிருக்கு. உள்ள இருக்கற உறை உருகி ஒட்டிக்கிச்சு."

"அப்ப காலையில இருந்து ஸ்டார்ட் ஆனது?" செங்கோடனின் குரல் கீழே போயிருந்தது.

"இது வெந்து வெந்துதான் ஆச்சு."

பூபதி காரை விட்டு இறங்கினார். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"போன வாரம் கோகிலாவைச் செக்கப்புக்கு இதுலதான் கூட்டிட்டு இறங்கினேன் மாமா."

செங்கோடன் வடக்கே போவதற்கு முன் அந்த மலையில் பாரம் ஏற்றிய லாரியை எத்தனையோ முறை இறக்கியவர். ஒவ்வொரு வளைவும் அவருக்குத் தெரியும். எந்த வளைவில் சுவர் இருக்கிறது, எதில் வெறும் கல் மட்டும் நட்டிருக்கிறது என்பதும் தெரியும். வெந்த விரலை இன்னொரு கையால் பொத்திக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். முட்டி வலித்ததுகூட அவருக்குத் தெரியவில்லை.

"நாளைக்கு அவ பின் சீட்டுல..." என்று ஆரம்பித்தார்.

ஜெசிந்தா ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

"விரலை இதுல விடுங்கண்ணா. அப்புறம் வேலையைப் பாக்கலாம்."

புதுக் கேபிள் வாங்கிவரப் பூபதியே போனார். போல்ட் உட்காரும் இரண்டு இடத்தையும் செங்கோடன் சுரண்டினார். இந்த முறை சாக்கின் மேல் மல்லாந்து படுத்து, காலை நீட்டியபடி உடம்பை இழுத்து இழுத்து அடியில் போனார். இரும்பு பளிச்சென்று தெரிகிற வரை வெளியே வரவில்லை. புதுப் பட்டையை முடுக்கினார்.

வெயில் சாய்ந்த பிறகு பூபதி சாவியைத் திருகினார். வண்டி ஒரே திருகில் பிடித்துக்கொண்டது. மாமனாரைப் பார்த்தார்.

செங்கோடன் சிரிக்கவில்லை. முன்னால் போனார். வெந்த விரலையே நீட்டிப் புதுக் கேபிளைத் தொட்டார். எடுக்காமல் வைத்திருந்தார். கேபிள் குளிர்ந்துதான் இருந்தது. மறுபடி அணைக்கச் சொன்னார். மறுபடி போடச் சொன்னார். விரல் கேபிளிலேயே இருந்தது.

பிறகு ஜெசிந்தாவிடம் வந்தார்.

"வாத்தியாரே, இது ஏன் ஸ்டார்ட் ஆகலைன்னு பேட்டரியில தேடினேன், மோட்டார்ல தேடினேன், ஸ்விட்ச்ல தேடினேன். எங்கதாங்க விட்டேன்?"

ஜெசிந்தா பழைய பட்டையைத் துணியால் துடைத்து அவர் கையில் கொடுத்தார்.

"ஆகாதப்பல்லாம் ஏன்னு கேட்டீங்கண்ணா. ஆனப்ப ஒரு வாட்டியாவது எப்படின்னு கேட்டீங்களா?"